நரம்பே இல்லாத தட்டில் நரம்பின் சொல்: முதல் அக்ரின் சோதனைக்கு ஒரு வழிகாட்டி

நுண்ணோக்கியில் சிவப்பு வடிகட்டிக்கு மாற்றியதும், இருட்டில் நீளமாகக் கிடக்கும் தசைக்குழலின், அதாவது பல தசை செல்கள் இணைந்து ஒன்றாகிய நீண்ட செல்லின், ஓரத்தில் ஒரு சிட்டிகை குங்குமம் சிந்தியதுபோல ஒரு திட்டு தெரியும். அந்தத் திட்டுக்குள், நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதித் தூதைப் பிடிக்கும் ஏற்பிகள் தோளோடு தோள் ஒட்டி நெருக்கியடித்து நிற்கின்றன. முந்தின நாள் மாலை வரை அதே ஏற்பிகள் குழலின் மேற்பரப்பு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தவை. இடையில் நாம் செய்தது ஒன்றுதான். நரம்பு செல்கள் சுரக்கும் அக்ரின் என்ற புரதத்தைச் சில நானோகிராம் அளவில் அந்தத் தட்டில் விட்டோம். தட்டில் நரம்பு கிடையாது. நரம்பின் சொல் மட்டும் இருந்தது, தசை அதைக் கேட்டது.

தசை செல் ஆய்வகத்தில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் எம்.எஸ்சி. புராஜெக்ட் மாணவர்களுக்கும் முனைவர் பட்ட முதலாண்டுக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். நரம்பு தசைக்கு என்ன சொல்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. உறைந்த செல்லை உருக்கி எடுப்பது முதல் எண்ணி முடிப்பது வரை இரண்டு வாரம் போதும். ஆனால் பதிலே இல்லாத படத்தைப் பதில் என்று நம்பிவிடுவதற்கும் இதில் நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதனால் செய்முறையோடு, ஒவ்வொரு படியிலும் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பைப்பெட்டைத் தொடுவதற்கு முன்

ஒரு தவளையிலிருந்து தொடங்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் யு. ஜே. மக்மாஹன் குழுவினர் தவளையின் மார்புப் பகுதியில் உள்ள ஒரு மெல்லிய தசையை எடுத்துக்கொண்டார்கள். தசைநார்களை, அதாவது தசையின் இழை செல்களை, சிதைத்தார்கள், அதற்குச் செல்லும் நரம்பையும் அறுத்து அப்புறப்படுத்தினார்கள். தசைநார் அழிந்தாலும் அதைச் சுற்றி உறைபோல இருக்கும் மெல்லிய படலம் அழியவில்லை. சில நாட்களில் அந்த வெற்று உறைக்குள்ளேயே புதுத் தசைநார் முளைத்தது. நரம்பு திரும்பி வரவில்லை, வரவும் விடவில்லை. அப்படியிருந்தும் புதுத் தசைநாரில் ஏற்பிகள் திரண்ட இடம் எது தெரியுமா? முன்பு நரம்பு வந்து தொட்டிருந்த அதே இடம். ஸ்டீவன் பர்டன், பீட்டர் சார்ஜென்ட், மக்மாஹன் மூவரும் 1979இல் இதை வெளியிட்டார்கள்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். நரம்பு போய்விட்டது, பழைய தசையும் போய்விட்டது. மிச்சம் இருந்தது உறை மட்டுமே. அப்படியானால் 'இங்கே கூடுங்கள்' என்ற குறிப்பு அந்த உறையில்தான் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பை எழுதி வைத்த பொருள் என்ன என்று தேடிப் போனார்கள். தவளைத் தசையிலிருந்து பிரித்தெடுக்கும் அளவுக்கு அது கிடைக்காது. அதனால் மின்திருக்கை மீனின் மின்னுறுப்பை எடுத்தார்கள். அந்த உறுப்பு தசையிலிருந்து உருமாறி வந்தது, நரம்புச் சந்திப்புகள் அதில் அடர்ந்து கிடக்கும். அதிலிருந்து பிரித்த புரதத்துக்கு 1987இல் 'அக்ரின்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்று கூட்டுதல் என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பு செல்கள் இதைத் தயாரித்து, அச்சு இழை வழியாக நுனிக்கு அனுப்பி, அங்கே சுரந்து உறையில் பதிக்கின்றன என்பது மக்மாஹன் முன்வைத்த கருத்து. 1996இல் அக்ரின் மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவை பிறந்த உடனே இறந்தன. உதரவிதானத்துக்கு நரம்பு போய்ச் சேர்ந்திருந்தும் சந்திப்பு உருவாகாததால் அவற்றால் மூச்சுவிட முடியவில்லை.

சொல் எப்படிக் காதில் விழுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தசைச் சவ்வில் எல்.ஆர்.பி.4 என்ற புரதம் அக்ரினைப் பிடிக்கிறது. அதன் பக்கத்திலேயே மஸ்க் என்ற நொதி நிற்கிறது. எல்.ஆர்.பி.4 அக்ரினைப் பிடித்ததும் மஸ்க் விழித்துக்கொள்கிறது. உள்ளே டாக்-7 என்ற புரதம் அந்த விழிப்பை நிலைநிறுத்துகிறது. கடைசியில் ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. மஸ்க் எலியில் இல்லாவிட்டால் திட்டு என்று ஒன்றுகூட உருவாகாது. மஸ்க் முக்கியம் என்று 1990களிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் அக்ரின் நேராக மஸ்கில் ஒட்டவில்லை. அப்படியானால் நடுவில் யார் என்ற கேள்விக்கு 2008 வரை விடை இல்லை. அந்த ஆண்டு எல்.ஆர்.பி.4தான் அது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. அதில் ஒன்று, தவளை உறையைப் பார்த்த அதே பர்டனின் ஆய்வகம். ஒரு கேள்வியோடு முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறார்!

அக்ரின் செய்யாத வேலைகளும் உண்டு. அது தசையைப் பருமனாக்காது. கருவில் முதல் தலைமுறைத் தசைநார்கள் நரம்பு வருவதற்கு முன்பே உருவாகிவிடும், இரண்டாம் தலைமுறைதான் நரம்பை எதிர்பார்த்து நிற்கும். நரம்பு தொடுவதற்கு முன்பே தசையின் நடுப்பகுதியில் சின்னச் சின்னத் திட்டுகள் தாமாகத் தோன்றுவதையும் 2001இல் கண்டுபிடித்தார்கள். நரம்பு அங்கே வந்து சேரும்போது இரண்டு காரியம் நடக்கிறது. அது விடும் அசிட்டைல்கோலின் திட்டுகளைக் கலைக்கப் பார்க்கிறது, அது சுரக்கும் அக்ரின் தன் காலடியில் உள்ள திட்டைக் கலையவிடாமல் காக்கிறது. கடைசியில் நரம்பு தொட்ட இடத்தில் மட்டும் திட்டு மிஞ்சுகிறது. அழகான ஏற்பாடு. வளர்ந்த தசையில் சந்திப்பில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 10,000 ஏற்பிகள், கொஞ்சம் தள்ளிப் போனால் பத்துக்கும் குறைவு.

நியூரெகுலின் என்ற இன்னொரு நரம்புப் புரதத்தின் பெயரும் உங்கள் காதில் விழும். ஏற்பியின் மரபணுவைத் தூண்டுவது அதுதான் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. பின்னர் தசையில் அதன் ஏற்பிகளை நீக்கிய எலிகளிலும் சந்திப்பு பெரும்பாலும் சரியாகவே உருவானது. இன்று அதை நரம்பிழையைப் போர்த்தி நிற்கும் ஷ்வான் செல்களுக்கும், தசைக்குள் இருந்து நீட்சியை உணரும் உணர்கதிர்களுக்கும் இன்றியமையாதது என்று சொல்கிறார்கள். பழைய பாடப்புத்தகப் படத்தை மட்டும் நம்பி அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

பொருட்களைச் சேர்ப்பது

செல்லுக்கு சி2சி12 எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யாஃபே, சாக்ஸல் இருவரும் 1977இல் எலியின் தொடைத் தசையிலிருந்து பிரித்த செல்வரிசையின் கிளை இது. உலகம் முழுக்கத் தசை ஆய்வகங்களில் இருக்கிறது, பக்கத்து ஆய்வகத்தில் கேட்டாலே கிடைக்கும். கேட்டு வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றியது), செல் வளர்ப்பில் ஒளிந்து வளரும் மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை எப்போது செய்தது, கடைசியாக எப்போது தசைக்குழல் ஆகப் பார்த்தார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்தக் குப்பியை வாங்காதீர்கள்.

அக்ரின் வாங்குவதில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். அக்ரின் ஒரே புரதம் இல்லை. ஒரே மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டும் முறையில் பல வடிவங்கள் வருகின்றன. இசட் என்ற இடத்தில் 8, 11 அல்லது 19 அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்ட வடிவத்தை நரம்பு செல்கள் செய்கின்றன. தசையும் அக்ரின் செய்கிறது, ஆனால் அந்தச் செருகல் இல்லாமல். திட்டுகளைத் திரட்டும் திறனில் நரம்பு வடிவம் ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவானது. எட்டே எட்டு அமினோ அமிலங்களில் நரம்பின் குரலா தசையின் முனகலா என்பது தீர்மானமாகிறது! பட்டியலில் 'அக்ரின்' என்று மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். தகவல் தாளைத் திறந்து, செருகல் உள்ள வடிவமா என்று உறுதி செய்யுங்கள். முழு நீளப் புரதம் வேண்டியதில்லை, வால் பகுதித் துண்டு போதும். முடிந்தால் செருகல் இல்லாத வடிவத்தையும் கொஞ்சம் வாங்குங்கள். இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல கட்டுப்பாடு கிடையாது.

வந்து சேர்ந்த அன்றே, 0.1 சதவீத ஆல்புமின் கலந்த பி.பி.எஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்து, ஒரு சோதனைக்கு ஒரு குப்பி என்று சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஆல்புமின் எதற்கு என்று கேட்பீர்கள். இவ்வளவு நீர்த்த புரதம் தனியாக இருந்தால் குப்பியின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும்.

திட்டுகளைக் காட்டித் தருவது ஒரு பாம்பின் நஞ்சு. ஆல்ஃபா-பங்காரோடாக்சின், தைவானில் உள்ள பல்பட்டைக் கட்டுவிரியனிடமிருந்து லீ, சாங் இருவரும் 1963இல் பிரித்தது. நம் ஊர்க் கட்டுவிரியன் அதற்கு நெருங்கிய சொந்தம். இரவில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, இமை சரியும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்த நஞ்சு வேலை செய்யும் இடம் நாம் இப்போது பார்க்கப்போகும் அதே நரம்புத்தசைச் சந்திப்புதான். ஆல்ஃபா நஞ்சு அங்குள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. அந்தப் பிடிவாதத்தையே நாம் பயன்படுத்துகிறோம்: நஞ்சின் மேல் ஒளிரும் சாயத்தை ஒட்டிவிட்டால், ஏற்பி இருக்கும் இடமெல்லாம் ஒளிரும். சாயம் ஏற்றியதாகவே விற்கிறார்கள். அளவு நுண்ணியது என்றாலும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பொடியாக வந்தால் குப்பியைத் திறக்கும் முன் சற்றே சுழற்றிப் பொடியை அடியில் இறக்கிவிடுங்கள், கழிவைத் தனியாகச் சேருங்கள்.

மற்றவை எல்லா ஆய்வகத்திலும் இருப்பவைதான்: டி.எம்.இ.எம் மீடியம், மாட்டுக் கருவின் சீரம், குதிரை சீரம், ட்ரிப்சின், ஜெலட்டின், பாராஃபார்மால்டிஹைடு, கண்ணாடிக் கவர்ஸ்லிப்.

செல்லை வளர்ப்பது

37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதிக குளுக்கோஸ் உள்ள டி.எம்.இ.எம்மில் 10 சதவீதம் மாட்டுக் கருவின் சீரம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விதியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: தட்டில் பாதிக்கு மேல், முக்கால்வாசிக்குள் நிரம்பியதும் பிரித்துப் புதுத் தட்டுகளுக்கு மாற்றிவிட வேண்டும். ஒருமுறைகூட முழுதாக நிரம்ப விடக் கூடாது.

காரணம் இது. சி2சி12 செல்கள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கியதும் பெருகுவதை நிறுத்திக்கொண்டு, ஒன்றோடொன்று இணைந்து குழலாகத் தொடங்கும். இணையத் தெரிந்த நல்ல செல்கள் இணைந்து முடிந்துவிடும். அடுத்த முறை பிரிக்கும்போது மிஞ்சுவது இணையத் தெரியாதவை. அவைதான் பெருகும், இரண்டு மூன்று சுற்றில் தட்டு முழுக்க அவையே இருக்கும். பார்ப்பதற்கு ஆரோக்கியமாகத்தான் இருக்கும்.

நான் முதல் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில் செல்லைப் பிரிக்காமல் போனேன். திங்கட்கிழமை தட்டு நிரம்பி வழிந்தது. 'பரவாயில்லை' என்று அதையே பிரித்து, பெருக்கி, உறைய வைத்து, அதிலிருந்தே ஆறு வாரம் சோதனை செய்தேன். குழல்கள் மெலிந்து, குட்டையாக, இரண்டு மூன்று கருவோடு நின்றன. அக்ரின் கெட்டுப்போனது என்று நினைத்துப் புதிதாக ஆர்டர் போட வைத்தேன். கடைசியில் பழைய குப்பி ஒன்றிலிருந்து செல் எடுத்துப் பார்த்தபோது முதல் முறையிலேயே திட்டு வந்தது. அக்ரின்மேல் தவறே இல்லை. அன்றிலிருந்து என் மாணவர்களிடம் சொல்வது, வெள்ளிக்கிழமை மதியமே செல்லைப் பாருங்கள், பத்தில் ஒன்றாக மெலிதாகப் பிரித்துவிட்டு ஊருக்குப் போங்கள்.

தசைக்குழலாக்குவது

24 குழித் தட்டில் ஒவ்வொரு குழியிலும் ஒரு கவர்ஸ்லிப், அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. தசையைச் சுற்றிய உறையில் உள்ள லேமினின் என்ற புரதம் பூசிய கவர்ஸ்லிப் கிடைக்கிறதே, அது இன்னும் நல்லதாயிற்றே என்று தோன்றும். வேண்டாம். லேமினின்மேல் வளரும் குழல்களில் அக்ரின் சேர்க்காமலேயே பெரிய, ஓட்டை விழுந்த, முறுக்கு மாதிரி வளைந்த திட்டுகள் உருவாகும். அது தனி ஆராய்ச்சிக்கு உதவும் பண்பு, உங்கள் கேள்விக்கு இடைஞ்சல்.

குழிக்குச் சுமார் 50,000 செல் போட்டால் ஓரிரு நாளில் நிரம்பும். இந்தத் தட்டை மட்டும் நிரம்ப விடுங்கள். நிரம்பியதும் வளர்ச்சி மீடியத்தை எடுத்துவிட்டு, 2 சதவீதம் குதிரை சீரம் உள்ள மீடியத்தை விடுங்கள். உணவு குறைந்ததும் செல்கள் பெருக்கத்தை விட்டுத் தசையாகும் வழிக்குத் திரும்பும்.

தினமும் ஒரு முறை பாருங்கள், ஆனால் தட்டை அதிக நேரம் வெளியே வைக்காதீர்கள். முதல் நாள் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டாம் நாள் செல்கள் நீண்டு ஒரே திசைக்குச் சாயத் தொடங்கும். காற்றடித்த பிறகு வயலில் நாற்று சாய்ந்து கிடக்குமே, அப்படித் தெரியும். மூன்றாம் நாள் அங்கங்கே தடித்த இழைகள். நான்காம் ஐந்தாம் நாளில் ஒரே குழலுக்குள் பத்துப் பதினைந்து கருக்கள் வரிசையாகவோ கொத்தாகவோ நிற்பதைப் பார்க்கலாம். இந்தக் கட்டம்தான் நமக்கு வேண்டியது. இன்னும் விட்டுவைத்தால் சில குழல்கள் தாமாகத் துடிக்கும். பார்க்க ஆனந்தமாக இருக்கும், ஆனால் துடித்துத் துடித்துக் கண்ணாடியிலிருந்து பிய்ந்து சுருண்டுவிடும்.

மீடியம் மாற்றும்போது பைப்பெட் நுனியைக் குழியின் சுவரில் சாய்த்து மெதுவாக விடுங்கள். குழலின்மேல் நேராக ஊற்றினால் பாய்போல் முழுதும் உரிந்து வரும்.

அக்ரின் சேர்ப்பது

நான்காம் அல்லது ஐந்தாம் நாள் மாலை. இங்கே குழிகளை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதுதான் சோதனையின் உயிர். அக்ரின் விட்ட குழி மட்டும் இருந்தால் உங்களிடம் இருப்பது அழகான படம், அவ்வளவுதான். குறைந்தது நான்கு வகை வேண்டும்.

ஒன்றில் வெறும் கரைப்பான், அதாவது அக்ரின் இல்லாத அதே ஆல்புமின் கலவை, அதே அளவு. குழல்களில் தாமாகவே சில திட்டுகள் வரும், அந்த அடிமட்டம் எவ்வளவு என்று இது சொல்லும். இரண்டாவதில் செருகல் இல்லாத தசை வடிவ அக்ரின். மூன்றாவதில் நரம்பு வடிவம். நான்காவதிலும் நரம்பு வடிவம்தான், ஆனால் சாயமேற்றிய நஞ்சை விடுவதற்கு அரை மணி முன்பு சாயமில்லாத நஞ்சைப் பல மடங்கு அதிகமாக விடுவீர்கள். ஏற்பிகள் எல்லாம் ஏற்கெனவே அடைபட்டுவிடுவதால் இந்தக் குழி இருட்டாக இருக்க வேண்டும். அப்படியும் சிவப்பு தெரிந்தால் அது ஏற்பி இல்லை, சாயம் எங்கோ சும்மா ஒட்டியிருக்கிறது.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று குழி. அளவுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமில் தொடங்கி அதற்குக் கீழே இரண்டு படிகள் வைத்துப் பாருங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறும், அதனால் மற்றவர் கட்டுரையில் உள்ள எண்ணை அப்படியே நம்பாமல் உங்கள் குப்பிக்கான எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். மீடியத்தில் கால்சியம் இருக்க வேண்டும், அது இல்லாமல் அக்ரினால் திட்டுகளைத் திரட்ட முடியாது. டி.எம்.இ.எம்மில் போதிய அளவு இருக்கிறது, இடையில் கால்சியத்தைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ எதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிறகு இன்குபேட்டரில் 16 மணி நேரம். மாலை ஆறு மணிக்கு விட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு எடுக்கலாம். அக்ரின் விட்ட சில நிமிடங்களிலேயே மஸ்க் விழித்துக்கொள்கிறது, சில மணி நேரத்தில் பொடிப்பொடித் திட்டுகள் வருகின்றன, இரவோடு இரவாக அவை சேர்ந்து பெரிதாகின்றன. நடுவில் எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

சாயமேற்றி நிலைப்படுத்துவது

வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் உயிருள்ள செல்லில் நஞ்சு, பிறகு கழுவல், பிறகு ஃபிக்ஸ், அதாவது செல்லை இருந்தபடியே நிலைப்படுத்துவது. செல்லைத் துளையிட்ட பிறகு நஞ்சை விட்டால் உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும் ஏற்பிகளும் ஒளிர்ந்து, படம் முழுக்க மூட்டமாகிவிடும். நமக்கு வேண்டியது மேற்பரப்பில் உள்ளவை மட்டும்.

சாயமேற்றிய நஞ்சை மீடியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் கலந்து, 37 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், இருட்டில். வெதுவெதுப்பான மீடியத்தால் மூன்று முறை கழுவுங்கள். பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம். இது புகை வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள்ளேயே நடக்க வேண்டும். கண்ணும் மூக்கும் எரிகிற வரை காத்திருக்காதீர்கள், எரிந்தால் ஏற்கெனவே தாமதம்.

அதன் பிறகு வேண்டுமானால் செல்லைத் துளையிட்டு, மயோசினுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பச்சைச் சாயத்தோடும், கருக்களுக்கு டாபி என்ற நீலச் சாயத்தையும் சேருங்கள். மயோசின் சாயம் கூடுதல் வேலை என்று விட்டுவிட நினைப்பீர்கள். விடாதீர்கள். எது உண்மையான தசைக்குழல், எது வெறுமனே நீண்டு கிடக்கும் செல் என்று அதுதான் சொல்லும். எண்ணும்போது அதன் அருமை தெரியும்.

பார்ப்பதும் எண்ணுவதும்

உண்மையான திட்டு எப்படி இருக்கும்? குழலின் சவ்வோடு ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியின் குவியத்தை ஒரு இழை திருப்பினால் கூர்மையாகத் தெரிந்து, இன்னொரு இழை திருப்பினால் மறையும். விளிம்பு வழவழப்பாக இராது, பொடிப்பொடியாக, நீர் சிந்திய மண்தரைபோல ஒழுங்கில்லாமல் இருக்கும். நீளம் 5 முதல் 20 மைக்ரோமீட்டர், சில இன்னும் பெரிது.

போலி எப்படி இருக்கும்? கண்ணைப் பறிக்கும் பிரகாசம், உருண்டை வடிவம், எந்தக் குவியத்திலும் மங்கலாக ஒரு வெளிச்சம். சந்தேகம் வந்தால் உடனே பச்சைக்கும் நீலத்துக்கும் மாற்றிப் பாருங்கள். மூன்று நிறத்திலும் ஒளிர்ந்தால் அது செத்த செல்லின் மிச்சம். குழல் மடிந்த இடத்திலும் இரண்டு சவ்வு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து திட்டுபோலத் தெரியும். முதல் முறை நான் எண்ணிய அறுபதுக்கும் மேற்பட்ட 'திட்டு'களில் பாதிக்கு மேல் செத்த செல்தான். எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறம் மாற்றிக் காட்டினார். அன்று அந்த ஒரு மணி நேரத்தில் கற்றது இன்று வரை கை கொடுக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் உட்காரக் கிடைத்தால் விடாதீர்கள்.

எண்ணுவதற்கு முன்பே விதிகளை நோட்டில் எழுதுங்கள், எண்ணும்போது மாற்றக் கூடாது. 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளமுள்ளதை மட்டும் எண்ணுவது பரவலான வழக்கம். படமெடுக்கும் இடத்தைப் பச்சை நிறத்தில், மயோசினைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சிவப்பில் தேடினால் கண் தானாகத் திட்டு இருக்கும் இடத்துக்கே போய் நிற்கும், யாருடைய கண்ணும் விதிவிலக்கு இல்லை. எல்லாக் குழிக்கும் ஒரே எக்ஸ்போஷர். ஒரு கவர்ஸ்லிப்புக்குப் பத்து இடம். படங்களின் பெயரை நண்பர் ஒருவரிடம் கொடுத்து எண்களாக மாற்றச் சொல்லி, எது எந்தக் குழி என்று தெரியாமல் எண்ணுங்கள். குழல்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதால், குழல் நீளத்துக்கு இத்தனை திட்டு என்று கணக்கிடுவது நல்லது.

புள்ளியியல் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஒரே தட்டில் எடுத்த முப்பது படம் முப்பது சோதனை ஆகாது. வேறு வேறு வாரத்தில், வேறு வேறு பாசேஜில் தொடங்கிச் செய்த மூன்று சோதனை என்றால் எண்ணிக்கை மூன்றுதான்.

தட்டு என்ன சொல்கிறது

நரம்பு வடிவக் குழியில் திட்டுகள் பல மடங்கு, மற்ற மூன்றிலும் குறைவு அல்லது இல்லவே இல்லை என்றால் சோதனை பேசிவிட்டது.

எந்தக் குழியிலுமே திட்டு இல்லையென்றால் அக்ரினைக் குறை சொல்லும் முன் குழல்களைப் பாருங்கள். கருக்கள் ஐந்துக்கும் குறைவாக இருக்கும் ஒல்லிக் குழல்களில் ஏற்பியே போதிய அளவு இராது. குழல் நன்றாக இருந்தும் திட்டு இல்லையென்றால்தான் அக்ரின் குப்பியைச் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழியிலும் திட்டு நிறைய வந்தால் பூச்சைப் பாருங்கள், யாரோ லேமினின் பூசி வைத்த கவர்ஸ்லிப் டப்பாவை எடுத்திருக்கலாம். தசை வடிவக் குழியில் மட்டும் எதிர்பாராமல் திட்டு வந்தால் குப்பிகள் மாறியிருக்கின்றனவா, பைப்பெட் நுனியை மாற்றாமல் விட்டீர்களா என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். ஆயிரம் மடங்கு வலுவான புரதம் என்பதால் துளி ஒட்டினாலே போதும்.

இந்தச் சோதனையிலிருந்து 'அக்ரின் தசையை வளர்க்கிறது' என்று எழுதக் கூடாது. 'நரம்பு வடிவ அக்ரின், எலித் தசைக்குழலின் மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் ஏற்பிகளைத் திரட்டுகிறது' என்று எழுதலாம். இரண்டாவது வாக்கியம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் தட்டில் ஆதாரம் இருக்கிறது.

இதே தட்டில் நோயாளிகளின் கதையும் ஓடுகிறது. மயஸ்தீனியா கிரேவிஸ் நோயில் இமை சரியும், மெல்ல முடியாது, சிலருக்கு மூச்சும் தடுமாறும். பெரும்பாலானவர்களுக்கு உடலே தன் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிராக ஆன்டிபாடி செய்வதுதான் காரணம். அது இல்லாத சிலரிடம் மஸ்க்குக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். அந்த ஆன்டிபாடி, எல்.ஆர்.பி.4 வந்து மஸ்கைத் தொடும் இடத்தை மறித்துக்கொள்கிறது. அதன் விளைவு எப்படித் தெரிந்தது? அந்த நோயாளிகளின் ஆன்டிபாடியை இதே மாதிரி குழல்களில் அக்ரினோடு சேர்த்து விட்டபோது திட்டுகள் குறைந்தன. டாக்-7 மரபணுவில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தசைச் சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் நிலைமையை மோசமாக்கக்கூடும், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்புடமால் உதவுகிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் தீங்காகலாம். நீங்கள் கவர்ஸ்லிப்பில் உட்கார்ந்து எண்ணும் புள்ளிகளுக்கு இவ்வளவு தூரம் உறவு இருக்கிறது, அதனால்தான் எண்ணும் விதிகளில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

எண்ணி முடித்த கவர்ஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஓரத்தில் நெயில் பாலிஷ் தடவி, காய்ந்த பிறகு ஸ்லைடின் மேல் தேதி, பாசேஜ் எண், அக்ரின் குப்பியின் எண் மூன்றையும் பென்சிலால் எழுதி, இருட்டுப் பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். அடுத்த மாதம் மூன்றாவது சோதனையின் எண்கள் முதலாவதோடு ஒத்துப்போகாதபோது, முதலில் திறந்து பார்க்கப்போவது அந்தப் பெட்டியைத்தான்.